கருவறைக்குள் ஒரு விளக்கு

சென்ற மாதம் என் மனைவி என்னை ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் இது ஒன்றும் புதிய அநுபவம் அல்ல. ஆனால் வழக்கமாகப் பதில் தெரியாவிட்டாலும் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதுகூட வராவிட்டால் எப்படி? இந்தத் தடவை மட்டும் சமாளிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். சில மாதங்களாக அவளுக்கு உதிரப்போக்கு அதிகமாக இருந்தது. நம் பாட்டிமார்கள் இதற்குப் 'பெரும்பாடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை வைத்தவள் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பட்டவர்களுக்குத்தான் அப்படி ஒரு சொல் வாய்க்கும். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே ஏதோ சின்னதாகத் தெரிகிறது. ஹிஸ்டரோஸ்கோப்பி செய்து பார்த்துவிடலாம்" என்றார். நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். என் மனைவி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, உள்ளே எப்படிப் பார்ப்பாங்க? இதை முதல் முதல்லே யாருக்குப் பண்ணினாங்க?"

கேள்வியின் முதல் பாதிக்கு டாக்டரம்மாவே பொறுமையாகப் பதில் சொன்னார். இரண்டாவது பாதிக்கு அவர் சிரித்தார். "அதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் ஆயிற்றே!" என்றார். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் நிற்காதவன் நான். வைத்திய நூல்களைப் புரட்ட எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் மனைவியின் கேள்வியும் டாக்டரம்மாவின் சிரிப்பும் சேர்ந்து என்னைப் புத்தகங்களுக்குள் தள்ளிவிட்டன. நான் தெரிந்துகொண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். 'ஹிஸ்டரா' என்றால் கிரேக்க மொழியில் கர்ப்பப்பை. 'ஸ்கோப்பியோ' என்றால் பார்க்கிறேன். கர்ப்பப்பைக்குள் பார்ப்பது என்பதுதான் ஹிஸ்டரோஸ்கோப்பி. இதே 'ஹிஸ்டரா'விலிருந்துதான் 'ஹிஸ்டீரியா' என்ற சொல்லும் பிறந்தது. கர்ப்பப்பை என்பது உடம்புக்குள் இடம் விட்டு இடம் ஓடித் திரியும் ஒரு பிராணி என்று பழைய கிரேக்கர்களில் பலர் நம்பினார்கள். மகா ஞானியான பிளேட்டோவே 'டிமேயஸ்' என்ற நூலில் அதை அப்படித்தான் வர்ணித்திருக்கிறார். பெண்ணுக்கு மூச்சு முட்டினாலும் மனம் கலங்கினாலும் அந்தப் பிராணியின் மேல் பழி. கண்ணால் பார்க்காத இடத்தைப் பற்றி மனிதன் கதை கட்டுவதில் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பாம்பேயி நகரத்தைத் தோண்டியபோது, யோனிக் குழாயை விரித்துப் பார்க்கும் கருவி ஒன்று கிடைத்தது. திருகாணி வைத்துச் செய்த அழகான வேலைப்பாடு. ஆக, பார்க்க வேண்டும் என்ற எண்ணம் 2,000 வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கருவியால் கர்ப்பப்பையின் வாயைத்தான் பார்க்க முடியும். வாசற்படி வரைக்கும் போகலாம், உள்ளே இருட்டு.

அந்த இருட்டுக்குள் வைத்தியர்கள் முதலில் அனுப்பியது கண்ணை அல்ல, கரண்டியை. 1840-களில் பாரிஸில் ரெக்காமியே என்ற பிரபல வைத்தியர் நீண்ட காம்புள்ள சுரண்டுகருவி ஒன்றைச் செய்து, அதைக் கர்ப்பப்பைக்குள் விட்டு உள்சுவரைச் சுரண்டி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அது 'டி அண்டு சி' என்ற பெயரில் வழங்குகிறது. நம் ஊர்ப் பெண்கள் இதைக் 'கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது' என்பார்கள். எத்தனையோ பேருடைய உயிரைக் காப்பாற்றிய முறைதான். ஆனால் வெறும் கையின் உணர்ச்சியை நம்பிச் செய்கிற வேலை. 1975-ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை நடந்தது. கர்ப்பப்பையை அகற்றுவதாக முடிவான 50 பெண்களுக்கு, அகற்றுவதற்குச் சற்று முன்னால் சுரண்டிவிட்டு, பிறகு வெளியே எடுத்த கர்ப்பப்பையைப் பிளந்து பார்த்தார்கள். நூற்றுக்கு அறுபது பேருக்கு உட்பரப்பில் பாதிகூடச் சுரண்டப்படவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு என் அத்தையின் ஞாபகம் வந்தது.

எனக்குப் பத்து வயது இருக்கும். அத்தை எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். முகம் காய்ந்த வாழைப்பட்டை மாதிரி வெளுத்திருக்கும். எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும் என்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு என்ன உடம்பு என்று குழந்தைகளுக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்களிலும் ஆண்களுக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு இரண்டு முறை 'சுத்தம்' செய்தார்கள். இரண்டு முறையும் சில மாதத்தில் பழைய கதையே திரும்பியது. மூன்றாவது முறை கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஒரு பெண் குழந்தைதான். எடுத்ததற்குப் பிறகு, "உள்ளே மொச்சைக்கொட்டை அளவு சதை இருந்ததாம். அவ்வளவுதானாம்" என்று அத்தை என் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த 'அவ்வளவுதானாம்' என்பதன் பொருள் எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது. காம்பில் தொங்கும் சின்னச் சதை, சுரண்டும் கருவி வரும்போது ஒதுங்கி இடம் கொடுத்துவிட்டு, அது போன பிறகு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். கண்ணால் பார்த்தால் ஒழிய அது அகப்படாது.

இனி, பார்க்க முயன்றவர்களின் கதைக்கு வருவோம்.

ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில் 1773-ல் பிறந்தவர் பிலிப் போட்ஸினி. பிராங்க்பர்ட்டில் வைத்தியம் செய்துகொண்டிருந்த இந்த இளைஞருக்கு உயிருள்ள உடம்பின் உள்ளே பார்க்க வேண்டும் என்ற ஆசை. பூஜாடி மாதிரி ஒரு தகரக் கூடு செய்து, தோலால் மூடி, உள்ளே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, பின்னால் கண்ணாடி வைத்து, வெளிச்சம் ஒரு குழாய் வழியாக உடம்புக்குள் போகவும், பார்வை அதே குழாயின் மறுபாதி வழியாகப் போகவும் ஏற்பாடு செய்தார். அதற்கு 'ஒளி நடத்தி' என்று பொருள்படும் பெயரை வைத்தார். 1806-ல் வியன்னாவிலுள்ள ராணுவ வைத்தியக் கழகத்தார் அதைச் சடலங்களில் சோதித்துப் பார்த்துப் பாராட்டினார்கள். ஆனால் அதே நகரத்துப் பல்கலைக்கழக வைத்திய ஆசிரியர்களுக்கும் அந்தக் கழகத்தாருக்கும் ஆகாது. ஒருவர் மெச்சியதை இன்னொருவர் மெச்சலாமா? கருவி மூலையில் வைக்கப்பட்டது. போட்ஸினி 1809-ல், விஷ ஜுரம் கண்ட நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த இடத்தில் தாமும் அதைப் பிடித்துக்கொண்டு, 36 வயது நிரம்பு முன்பே காலமானார். அவர் செய்த கருவி இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போய், 2002-ல் வியன்னாவுக்குத் திரும்பி வந்திருக்கிறது. மனிதனைவிடக் கருவிக்கு ஆயுசு கெட்டி.

அவருக்குப் பின் வந்தவர் பாரிஸ்காரரான தெஸோர்மோ. 1853-ல் அவர் மெழுகுவத்தியை எடுத்துவிட்டு, சாராயமும் கர்ப்பூரத்தைலமும் கலந்து எரியும் விளக்கை வைத்தார். அதைக் கொண்டு மூத்திரப்பையை ஆராய்ந்தார். வெளிச்சம் கூடியது; கூடவே சூடும் கூடியது. அடுத்தபடியாக 1865-ல் அயர்லாந்தில் டப்ளின் நகரத்து வைத்தியர் பிரான்ஸிஸ் குரூஸ் அந்தக் கருவியைச் சீர்திருத்தினார். இந்தக் குரூஸ் ரசமான மனிதர். 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' என்னும் பக்தி நூலை எழுதிய தாமஸ் அ கெம்பிஸின் பேரில் பெரும் பித்து. அந்தத் துறவியைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். அவர் தமது விளக்குக்கு என்ன எண்ணெய் ஊற்றினார் தெரியுமா? மண்ணெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து ஊற்றினார். சுடர் வெண்மையாகப் பிரகாசிக்கும் என்பதற்காக.

இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் கோவிலில் மூலவர் இருக்கும் இருட்டறையை நாம் என்னவென்று அழைக்கிறோம்? கர்ப்பக்கிருகம், கருவறை. அங்கே எதை ஏற்றிக் காட்டுகிறார்கள்? கற்பூரத்தை. டப்ளின் வைத்தியருக்கு நம் கோவில் வழக்கம் தெரிந்திருக்க நியாயம் இல்லை. ஆனாலும், மனிதக் கருவறைக்குள் முதல் முதலாக விழுந்த வெளிச்சமும் கற்பூரம் கலந்த சுடருடையதாக அமைந்தது எனக்கு வியப்பாக இருக்கிறது.

குரூஸின் கருவியைக் கையாண்டு கர்ப்பப்பைக்குள் பார்த்தவர், பாண்டலியோனி என்ற இத்தாலிய வைத்தியர். வருஷம் 1869. நோயாளி 60 வயதுப் பெண். மாதவிடாய் நின்று பல வருஷம் ஆன பிறகு மறுபடி உதிரம் போக ஆரம்பித்து, எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை. பாண்டலியோனி 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாயைச் செலுத்தி, வெளியிலிருந்த விளக்கின் ஒளியைக் குழிந்த கண்ணாடியால் உள்ளே திருப்பிப் பார்த்தார். கர்ப்பப்பையின் உச்சியில் ஒரு சதை வளர்ச்சி தெரிந்தது. அந்தக் குழாய் வழியாகவே வெள்ளி நைட்ரேட் என்னும் காரத்தை வைத்து அதைச் சுட்டார். டப்ளினில் வெளியான வைத்தியப் பத்திரிகை ஒன்றில் இதை எழுதினார். ஹிஸ்டரோஸ்கோப்பியின் சரித்திரம் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறது.

பார்த்தவரின் பெயர் சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. பார்க்கப்பட்டவளைப் பற்றி நான் படித்ததெல்லாம் அவள் வயதும் அவள் நோவும்தான். வலித்ததா, அழுதாளா, இதைச் செய்யப்போகிறோம் என்று அவளிடம் யாராவது சொன்னார்களா? மயக்க மருந்து உலகத்துக்கு வந்து அப்போது இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவளுக்குக் கொடுத்தார்களா? நான் படித்த எதிலும் அந்தப் பேச்சே இல்லை.

விதை விழுந்துவிட்டதே தவிர, செடி முளைக்க நூறு வருஷம் ஆயிற்று. அதற்குக் காரணம் உண்டு. மூத்திரப்பை, நீர் நிறைந்தால் பலூன் போல விரிந்து கொடுக்கும். 1870-களின் கடைசியிலேயே ஜெர்மனியில் நிட்ஸே என்பவர் அதற்குள் பார்க்கும் நல்ல கருவியைச் செய்துவிட்டார். கர்ப்பப்பை அப்படி அல்ல. கெட்டியான தசையால் ஆனது; மடித்துப் போட்ட வெறும் கோணிப்பை போல முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தொட்டால் இரத்தம் கசியும். விரித்தால்தான் பார்க்கலாம், விரிப்பதற்கு எதைச் செலுத்தினாலும், கருக்குழாய்கள் வழியாக அது வயிற்றுக்குள் கசிந்து போகலாம்.

இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு யுக்தி செய்து பார்த்தார்கள். 1908-ல் பாரிஸில் சார்ல்ஸ் டேவிட் என்பவர் குழாயின் நுனியைக் கண்ணாடியால் மூடி, சுவரோடு ஒட்டவைத்தே பார்த்தார். 1914-ல் அமெரிக்காவில் ஹைன்பர்க் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே பார்த்தார். 1925-ல் ரூபின் கரியமில வாயுவைச் செலுத்தினார். நம் கோலி சோடாவில் இருக்கும் அதே வாயுதான். 1962-ல் ஒருவர் ரப்பர் பலூனை உள்ளே ஊதிப் பார்த்தார். பலூன் விரிந்தது. ஆனால் பார்க்க வேண்டிய சதையையும் அது சுவரோடு அமுக்கிவிட்டது! 1970-ல் ஸ்வீடனில் எட்ஸ்டிராம், பெர்ன்ஸ்டிராம் என்ற இருவர் டெக்ஸ்டிரான் என்ற பாகு போன்ற திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அது இரத்தத்தோடு சட்டென்று கலக்காது. ஆகவே காட்சி தெளிவாக இருந்தது. வேலை முடிந்ததும் உடனே வெந்நீரில் கழுவாவிட்டால் கருவியெல்லாம் வெல்லப்பாகு பட்ட கரண்டி மாதிரி இறுகிப் போய்விடுமாம். இன்று பெரும்பாலும் உப்புநீரையே விடுகிறார்கள்.

விளக்கின் கதையிலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1954-ல் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேயரும், பஞ்சாபில் மோகா என்ற ஊரில் 1926-ல் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி நார்க் கட்டின் வழியாக உருவத்தை அனுப்பிக் காட்டினார்கள். வளைந்த பாதையிலும் ஒளியைக் கொண்டு செலுத்த வழி பிறந்தது. விளக்கு வெளியே இருக்கும். சூடு வெளியிலேயே நின்றுவிடும். ஒளி மட்டும் உள்ளே போகும். சில வருஷத்தில் ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டுகளை அடுக்கி ஒரு புதிய பார்வைக்குழாயையும் வகுத்தார். போட்ஸினியின் மெழுகுவத்தியிலிருந்து இங்கே வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

அதற்குப் பிறகு நடை வேகமாயிற்று. 1976-ல் நியூயார்க்கில் நியூவர்த் என்பவர், ஆண்களின் புராஸ்டேட் சதையைச் செதுக்கும் கருவியைக் கடன் வாங்கி, கர்ப்பப்பையின் உட்புறம் துருத்திய கட்டியை வயிற்றைக் கிழிக்காமலே செதுக்கி எடுத்துக் காட்டினார். 1990-களில் இத்தாலியின் பாரி நகரத்து பெட்டோக்கி, விரிக்கும் கருவியோ பிடிக்கும் இடுக்கியோ இல்லாமல், மெல்லிய குழாயை மட்டும் நீரோட்டத்தோடு செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். 12 மில்லிமீட்டராக இருந்த குழாய் 5-க்கும் அதற்குக் கீழேயும் வந்துவிட்டது. அதிக உதிரப்போக்கு, அடிக்கடி கருச்சிதைவு, குழந்தையின்மை, நூல் காணாமல்போன காப்பர் டி என்று பல காரியங்களுக்கு இன்று இந்தச் சோதனை பயன்படுகிறது. பார்த்த இடத்திலேயே துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். சிறு சதையை அங்கேயே அகற்றலாம். அபூர்வமாகச் சுவரில் துளை விழுவதும், சீழ் பிடிப்பதும், நீண்ட அறுவையில் செலுத்திய நீர் உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இவ்வளவு வந்தும் என் அத்தையின் கதை முடிந்துவிடவில்லை. 2019-ல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் இளம் பெண்கள் ஏராளமானோர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி நாட்டையே திடுக்கிட வைத்தது. தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றுவதைத் தடுக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. பார்ப்பதற்குக் கருவி வந்துவிட்டது. பார்க்கப் பொறுமையும், அதற்கான செலவும் வேண்டுமே? எடுத்துவிடுவது சுலபம்.

வலியைப் பற்றிய பேச்சும் ஓயவில்லை. மயக்க மருந்து இல்லாமலே பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பது இந்த முறையின் பெருமை. பல பெண்களுக்கு அது மாதவிடாய் வலியைப் போலத்தான் இருக்கிறது. சிலருக்கோ தாங்க முடியாத வலி. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் லின் பிரவுன் என்ற பெண் உறுப்பினர், 2013 முதற்கொண்டு பல தடவை எழுந்து நின்று, இப்படி வலியில் துடித்த பெண்களின் கடிதங்களைப் பற்றிப் பேசினார். வலி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், மயக்க மருந்து வேண்டும் என்று கேட்டால் கொடுக்க வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை. 1869-ல் அந்த அறுபது வயதுப் பெண்ணிடம் யாரும் கேட்டிராத கேள்வியைத்தான் இவர்கள் கேட்கச் சொன்னார்கள்.

குறித்த நாளில் என் மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். படித்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் உள்ளே போகும் முன் டாக்டரம்மாவிடம், "வலி தாங்கலேன்னா நிறுத்துவீங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.

"கையைத் தூக்குங்கள். அந்த நிமிஷமே நிறுத்திவிடுகிறேன். பிறகு மயக்கம் கொடுத்துச் செய்துகொள்ளலாம்" என்றார் அவர். அதன் பிறகுதான் அவள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்தாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, நர்ஸ் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"வலிச்சுது. ஆனா கையைத் தூக்கலே. எதிரே டி.வி. மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாங்க. நானும் பார்த்தேங்க. உள்ளங்கை மாதிரி ரோஜா நிறமா இருந்தது. ஒரு மூலையிலே முருங்கை விதையளவு சதை, தண்ணியிலே ஆடிக்கிட்டு இருந்தது. அதை எடுத்துட்டாங்க. ரெண்டு பிள்ளைங்களும் அங்கேதானே இருந்தாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

ஒரு வாரத்தில், பயப்பட ஒன்றும் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. அன்று இரவு விளக்கை அணைக்கப் போனவள் திரும்பி நின்று கேட்டாள்:

"அந்தக் கிழவியம்மா, முதல் முதல்லே பண்ணிக்கிட்டாங்களே, அவங்க இதைப் பார்த்திருக்க மாட்டாங்க, இல்லே?"

"பார்த்திருக்க மாட்டாள்" என்றேன். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது.